மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டி

பெட்டிக்காரர் மாத்திரைப் புட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குகிறார். உள்ளே நாலு மாத்திரை கடகடவென்கிறது. முகத்தைச் சுளித்து, பஞ்சை உருட்டி உள்ளே திணித்து, மறுபடி குலுக்குகிறார். சத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் மூடி. தீப்பெட்டி, கண்ணாடிக்கூடு, இழுப்பறை என்று எதுவும் இந்தச் சோதனைக்குத் தப்பியதில்லை. அந்த வீட்டில் ஒரு கரண்டி எடுக்க வேண்டுமென்றால் முதலில் மூன்று துணிச்சுருளை உருவ வேண்டும்.

பெட்டிக்காரர் என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் மரப்பெட்டி அடித்தவர். கப்பலில் போகிற பம்பைப் படுக்க வைத்து அளப்பார், நாலு பக்கமும் ஒரு விரற்கடை விடுவார், அந்த இடத்திலும் தக்கையைச் செருகி இறுக்குவார். "ஆடுனா உடையும். அவ்வளவுதான் தொழிலு" என்பார். அவர் அடைத்து அனுப்பியதில் ஒன்றுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் காதில் செருகிய பென்சிலை எடுத்துத் துடைத்து, மறுபடி செருகிக்கொள்வார்.

போன வருஷம் மனைவியைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது. மாப்ள. அது நாயின் பெயர். மகள் கல்யாணமே வேண்டாம் என்று சாதித்து வெளியூர் வேலைக்குப் போன அதே வாரம், வாசலில் வந்து நின்ற குட்டி. "இந்த வீட்டுக்கு வந்த மாப்ள இவன்தான், மரியாதையா கவனிங்க" என்று மனைவிதான் பால் வைத்தாள். இப்போது தாகம் என்றாலும் மாப்ள, வலி என்றாலும் மாப்ள. கட்டிலுக்கு அடியிலிருந்து நாய் தலையை நீட்டும். அவளுடைய இடது கை தொங்கி அதன் காதைத் தடவும்.

இரண்டு தடவை கட்டிலிலிருந்து விழுந்தாள். மூன்றாம் தடவை விழ அவர் விடவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் பலகை வைத்துத் திருகாணி முடுக்கினார். தலையணைகளைச் சுருட்டி இடுப்புக்கும் தோளுக்கும் முட்டுக் கொடுத்தார். "இம்மிகூட அசையல" என்று காலையில் பெருமையாகச் சொல்வார். கெட்ட மனிதர் இல்லை, அதில் பேச்சே வேண்டாம். அவளுக்கு ஊட்டி முடித்த பிறகுதான் அவர் வாயில் ஒரு வாய் போகும்.

அவள் முதுகுக்குக் கீழே புண் வந்தது. வாரம் இரண்டு முறை கட்டுப்போட வரும் நர்ஸ் சொன்னாள்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும் ஐயா. நாயையும் உள்ள விடாதீங்க, முடி கொட்டுது."

நாயைப் பற்றிச் சொன்னது மட்டும் அவர் காதில் ஏறியது. அது அவரால் முடிகிற காரியம். திருப்பினால் முட்டு நழுவும். முட்டு நழுவினால் விழுவாள்.

மாப்பிள்ளை வெளியே போனான். மழைக்காலம். சுவரோரத்தில் நனைந்து சுருண்டு இருமினான். உள்ளே அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பெட்டிக்காரர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்று பார்த்தார். மிஞ்சியிருப்பதே ஒரு சொல், அதுவும் போய்விட்டால்? கட்டிலிலிருந்து கண்ணில் படுகிற மாதிரி, ஜன்னலுக்கு நேரே, நாய்க்கு ஒரு வீடு வேண்டும். உடனே வேண்டும்.

மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். சாய்ந்த கூரை, அகலமான வாசல், தாராளமான உள்கூடம். அவரும் மாத்திரை அட்டையின் பின்புறம் ஒன்று வரைந்தார். இரண்டையும் மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்து, "எது?" என்றார். இடது கை மெல்ல எழுந்து, மகள் அனுப்பிய படத்தின் மேல் விழுந்தது.

"அதுல காத்து பூந்து வெளையாடும். நாய் உள்ள கெடந்து உருளும். நீ சும்மா இரு, நான் எத்தனை பெட்டி பாத்திருக்கேன்!"

மகள் அவருடைய படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் கேட்டாள்: "அப்பா, மாப்ளையை எந்த நாட்டுக்கு அனுப்பறீங்க?"

தூங்குகிற நாயை அப்படியே நாடா வைத்து அளந்தார். நாலு பக்கமும் ஒரு விரற்கடை. அந்த இடத்திலும் பஞ்சு. ஒரு ஆணித்தலைகூட வெளியே தெரியாத வேலைப்பாடு. மாப்பிள்ளை தலையை விட்டான், தோளை விட்டான், அப்படியே பின்வாங்கி மழையில் போய்ப் படுத்தான்.

"போகப் போகப் பழகிடும்" என்று உள்ளே தள்ளிக் கதவுக்குக் கொண்டி போட்டார். பகலெல்லாம் நாய் ஊளையிட்டது. உள்ளே அவள் இடது கையால் கட்டில் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நாய்க்காகத் தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நர்ஸ் வந்து முதல் வேலையாகக் கொண்டியை நீக்கினாள். மாப்பிள்ளை பின்பக்கமாகவே வெளியே வந்தான். இடுப்பில் முடி தேய்ந்து, தோல் சிவந்து கசிந்தது.

"நாய்னா படுக்கறதுக்கு முன்னாடி மூணு சுத்து சுத்தும் ஐயா. நிக்க வெச்சு அளந்து, திரும்ப எடம் விடணும். இதென்ன பம்பா?"

"ஆடுனா..." என்று தொடங்கி, கிண்ணத்தை எடுக்க உள்ளே போனார்.

மனைவியின் புண்கட்டை நர்ஸ் அவிழ்க்கும்போது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று புண்ணைப் பார்த்தார். உள்ளங்கை அகலம். அதே சிவப்பு, அதே கசிவு. நடுவில் மட்டும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"எலும்பு" என்றாள் நர்ஸ். "ஒரு தடவையாவது திருப்பினீங்களா?"

கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி வண்டி வரும். இனிமே வீட்டுல வெச்சுப் பாக்க முடியாது. அங்கயும் என்ன சொல்வாங்களோ, தெரியல."

நர்ஸ் போனதும் திருப்புளியை எடுத்துவந்தார். எட்டுத் திருகாணி. ஜன்னல் பக்கத்துப் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். முட்டுக் கொடுத்த தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினார். இரண்டு கையையும் கொடுத்து மனைவியை ஜன்னல் பக்கமாகத் திருப்பினார். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். வெளியே ஈர மண்ணில் மாப்பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொன்றும் சுற்றி, மூன்றாவதையும் முடித்துவிட்டுப் படுத்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்து, பலகை இருந்த இடத்தில் தன் முதுகைக் கொடுத்தார்.