நுரையக்காவின் உப்புத் தண்ணீர்

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று போன மாதம் யாராவது கேட்டிருந்தால் நாற்பது சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால் நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே வருகிறது. சொல்லத்தான் போகிறேன். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அதைப் பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அக்கா சலவைக்கடை நடத்துகிறாள். சுவரோரமாக வாஷிங் மெஷின்கள், நடுவில் துணி மடிக்கிற நீள மேசை, பின்னால் நான் நின்று இஸ்திரி போடுகிற மூலை. விடுமுறை நாளில் அழுக்குத் துணியோடு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். துணி துவைந்து முடிகிற வரைக்கும் அந்த வானரங்களை யார் மேய்ப்பது? ஒன்று மெஷினுக்குள் தலையை விடும், இன்னொன்று சோப்புத்தூளை ஊதிவிட்டுத் தும்மும். அதுகளை அடக்குவதற்கு அக்கா கண்டுபிடித்த வழிதான் தண்ணீர்ச் சோதனை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் நுரையக்கா.

அவளுக்கு இது பிறவிக் கோளாறு. தண்ணீர் புகாத கடிகாரம் என்று நம்பி அப்பா ஒன்று வாங்கி வந்தார். இவள் அதைக் குடத்துக்குள் போட்டுப் பார்த்தாள். புகுந்தது. முதுகில் அடி விழ விழ, “அப்ப வித்தவன் சொன்னது பொய்தானேப்பா?” என்று கேட்டவள் அவள். யார் சொன்னாலும் நம்பமாட்டாள், போட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

சோதனைக்கு என்று அவள் எதுவும் வாங்கியதில்லை. குப்பைக்குப் போகிற பாட்டில், சமையலறை உப்பு, கடையில் சிந்திய சோப்பு, அவ்வளவுதான். பேனா மூடியின் நுனியில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டி, தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்குள் போட்டு மூடுவாள். பாட்டிலைப் பிடித்து அழுத்தினால் பேனா மூடி அடிக்கு இறங்கும், விட்டால் மேலே ஏறும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். பஸ் ஓட்டுகிற எங்கள் மாமாவின் சட்டைப்பையில் மூடியுள்ள பேனா ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. “உங்க அக்காவைக் கட்டினதுல இருந்து என் சட்டையெல்லாம் மை” என்பார் மனுஷன், சிரித்துக்கொண்டேதான்.

அவளுடைய வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. கடையில் பார்த்ததை வீட்டில் வேறொரு பொருளை வைத்துச் செய்துபார்த்து, அடுத்த முறை வந்து சொல்ல வேண்டும். ஒருத்தர் சொன்ன பொருளை இன்னொருத்தர் சொல்லக்கூடாது. இந்தச் சட்டத்தை நானும் மெச்சியிருக்கிறேன். பிள்ளைகளுக்குள் அப்படி ஒரு போட்டி.

என் மகள் ஒன்றாம் வகுப்பு. எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பெரியம்மாவின் வகுப்பில் தானே முதலாக நிற்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. அவளுக்குத் தம்பி பிறந்து, இப்போதுதான் உட்காரப் பழகியிருந்தான். அவன் எங்களுக்குப் பாப்பா.

அன்றைக்கு முட்டைச் சோதனை. அக்கா சாதாரணத் தண்ணீரில் முட்டையைப் போட்டாள், முங்கியது. இன்னொரு பாத்திரத்தில் உப்பை அள்ளி அள்ளிக் கரைத்துப் போட்டாள், மிதந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கட்டும் என்று முட்டைக்குக் கண்ணும் மூக்கும் சிரித்த வாயும் வரைந்திருந்தாள். “பாத்தீங்களா, உப்பு போட்டாச்சு, பாப்பா இனிமே முங்காது” என்றாள். நானும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துச் சிரித்தேன். வீட்டில் எதைப் போட்டுப் பார்ப்பீர்கள் என்று கேட்டதும் உருளைக்கிழங்கு, எலுமிச்சை, பொம்மை என்று ஆளுக்கொன்றாகக் கத்திச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். வாலுவுக்கு ஒன்றும் மிச்சமில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் சத்தமே இல்லை. வாலு இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ வினை என்று அர்த்தம். உள்ளே வந்தேன். படுக்கையில் பாப்பா இல்லை. குளியலறை வாசலில் உப்புப் பாக்கெட் காலியாகக் கிடந்தது.

என் மகள் தொட்டிப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா தண்ணீருக்கு அடியில் கிடந்தான்.

எப்படித் தூக்கினேன், முதுகில் எப்படித் தட்டினேன், எதுவும் நினைவில்லை. உதடு நீலமாக இருந்தது மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தண்ணீராகக் கக்கினான், பிறகு ஈனமாக ஒரு அழுகை. என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருந்தார். மாமாவும் அக்காவும்தான் அலறியடித்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் பார்த்தார். தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருக்கிறது, உப்பு வேறு வயிற்றுக்குள் போயிருக்கிறது, இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாலு முந்திக்கொண்டாள்.

“மிதக்கல டாக்டர். உப்பு பத்தல.”

டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. வாலு என் அக்கா பக்கம் திரும்பினாள். “பெரியம்மா, அடுத்த தடவை ரெண்டு பாக்கெட் போடணும்ல?”

அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெறி பிடித்தது. அத்தனை பேர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். “பாப்பா முங்காதுன்னு நீதானேடி சொன்ன? உன் விளையாட்டுக்கு என் பிள்ளைதான் கிடைச்சானா?”

பாப்பா பிழைத்துக்கொண்டான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. வாலுவை உட்கார வைத்து அதட்டினேன், கெஞ்சினேன், ஒரு அடியும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டுவாள், முடிவில், “சரிம்மா, எவ்ளோ உப்பு போட்டா மிதப்பான், அதை மட்டும் சொல்லு” என்பாள். அவளுக்கு அது தப்பாய்ப்போன ஒரு கணக்கு, அவ்வளவுதான். என் வயிற்றில் பிறந்தவளுக்கே பயந்து பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. குளியலறைக்குப் பூட்டு, உப்புக்கு மேல்தட்டு. எத்தனை நாளைக்கு ஒரு தாய் இப்படிக் காவல் காப்பாள்?

அப்போதுதான் அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைக் கேட்டு வாங்கினாள், அந்தத் தொட்டியிலேயே வெறும் தண்ணீரை நிரப்பினாள். “மறுபடியுமா? உனக்கு மூளை கலங்கிப் போச்சா?” என்றேன். அவள் வாலுவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“வாலு, இன்னைக்கு நான்தான் உள்ள போறேன். நான் மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வெச்சதும் நீயும் வாயையும் மூக்கையும் பொத்திக்கோ. நான் எந்திரிக்கிற வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. சரியா?”

வாலுவுக்குக் குஷி. பொத்திக்கொண்டாள். அக்கா முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

கொஞ்ச நேரத்திலேயே வாலுவின் கண் பிதுங்கியது. கையை எடுத்துவிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள். “நான் தோத்துட்டேன் பெரியம்மா, வாங்க” என்றாள். அக்கா எழுந்திருக்கவில்லை. “பெரியம்மா, போதும்.” அக்காவின் தோள் உதற ஆரம்பித்தது. விரல்கள் தொட்டி விளிம்பைப் பிறாண்டின. நான் பாப்பாவை இடுக்கிக்கொண்டு மரம்போல நிற்கிறேன். வாலு வீரிட்டு, இரண்டு கையாலும் அக்காவின் கொண்டையைப் பற்றி இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா வெளியே வந்து இருமினாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்டியது. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. வாலு அவளையே பார்த்தாள், பிறகு என் இடுப்பிலிருந்த தம்பியைப் பார்த்தாள்.

“பாப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமாடா கண்ணு. அவனுக்கு எந்திரிக்கவும் தெரியாது” என்றாள் அக்கா.

வாலுவின் உதடு கோணியது. அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்படியே என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“நான் பாத்துக்கிட்டே இருந்தேனேம்மா” என்றாள்.