டிராயரம்மாவின் இரண்டு கைகள்

இருநூற்றுப் பதினேழில் உட்கார்ந்து, இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டி, குதிகாலால் பலகையை ஒரு தட்டுத் தட்டி எழுந்தாயிற்று. அடுத்தது இருநூற்றுப் பதினெட்டு. உள்ளரங்கத்தில் மொத்தம் முந்நூற்று எண்பத்து நான்கு இருக்கைகள். ஆட்டமோ நாடகமோ, எது நடந்தாலும் கதவு திறக்குமுன் அத்தனையிலும் ஒருமுறை உட்கார்ந்து எழாவிட்டால் டிராயரம்மாவுக்குக் காப்பி இறங்காது.

பெயர்க்காரணத்தை அவளே சொல்வாள். "மேஜை டிராயர் இருக்குல்ல, அதேதான். ஒண்ணுக்குள்ள ஒண்ணா பன்னெண்டு டிராயர். இழுத்தா ஊர் ஜனமே உட்காரலாம். தள்ளினா வெறும் செவுரு." உண்மைதான். ஒரு பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு படிவரிசைகளும் மோட்டார் இழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். வேலை முடிந்ததும் சுவரோரம் போய் ஒடுங்கிக்கொள்ளும். மோட்டாருக்கு இழுக்கத்தான் தெரியும். கோணாமல் வருகிறதா என்று பார்ப்பது அடியில் ஓடும் சக்கரங்களும் இவளும்தான்.

முனகுகிற இருக்கையென்றால் அவளுக்குத் தனிப் பிரியம். "என்னடி வலிக்குது, சொல்லித் தொலை" என்று ஸ்பேனரோடு குனிவாள். சத்தமே போடாத இருக்கையைத்தான் நம்பமாட்டாள். "அதுக்கு ஊமைக்குசும்பு. ஒரு வார்த்தை பேசாது, ஒருநாள் ஆளையே கவுத்துடும்." இப்படிச் சொல்லும்போது நாத்தனாரை நினைத்துக்கொள்கிறாளோ என்று அவள் கணவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கும் துணிச்சல்தான் இல்லை.

படிகளை மூடுமுன் டார்ச்சோடு பக்கவாட்டில் அடியில் நுழைவாள். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே மண்டியிட்டு நாலாபக்கமும் வெளிச்சம் அடித்து, "உள்ள யாராச்சும் இருந்தா வெளிய வந்துடுங்க, மூடப்போறேன்" என்று குரல் கொடுப்பாள். இதுவரை யாரும் வந்ததில்லை. ஒற்றைக் கம்மல்கள் வந்திருக்கின்றன. ஒருமுறை ஒரு பல்செட் வந்தது. முட்டி நோகாமல் இருக்க, தையற்காரரான கணவர் மிச்சத் துணிகளை அடைத்து ஒரு நீல மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார். போன வாரம் அது காணாமல் போனது. "யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?" என்று அவரை ஏழு நாளாக உலுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தனை பேருக்கு இடம் செய்து தருகிறவள், கூட்டம் வந்துவிட்டால் தான் மட்டும் உட்காரமாட்டாள். படிகளுக்கு அடியில், பக்கவாட்டில் நின்று சட்டத்தில் கை வைத்திருப்பாள். மேலே எழுநூறு கால்கள் துள்ளுவது உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். அவளுடைய மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் நான்கு ஆண்டுகளாக ஆடுகிறாள். இந்த அரங்கத்தில் அவள் ஆடிய எல்லா ஆட்டத்துக்கும் அம்மா வந்திருக்கிறாள், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இந்தச் சனிக்கிழமை இறுதிப்போட்டி. பள்ளிக்காக அவள் ஆடும் கடைசி ஆட்டமும் அதுதான்.

"அம்மா, நீ என் மேட்சுக்கு வந்து ஜனங்க காலைத்தான் பாக்கற" என்றாள் மகள். "இந்தத் தடவ மேல உட்காரணும். ரெண்டு கையும் எனக்குத் தெரியணும். சீட்டுக்கடியில நட்டத் தடவிக்கிட்டு இருந்தே, அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

"சரிடி" என்றாள் டிராயரம்மா. சொல்லிவிட்டு அன்றே அவளுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் பொத்தானை அழுத்தினால், பாதி வழியில் படிவரிசை கோணிக்கொண்டு நின்றது. வலது பக்கம் முன்னே வந்துவிட்டது. இடது பக்கம் ஒரு முழம் பின்தங்கி அடம் பிடித்தது. மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் பார்வையாளர் இல்லாமலே ஆட்டம் நடக்கும் என்று அரங்க மேலாளர் சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணே, தரைக்கு மெழுகு போட்டீங்களா?" என்று காவலாளியைப் பிடித்தாள்.

"நான் போடறது தண்ணி மட்டும்தான் தங்கச்சி. அதுவும் வாரத்துக்கு ஒருதரம்."

அடுத்து மோட்டாரைத் திட்டினாள். அதை ஓட்டிப் பார்த்தால் சுத்தமாக ஓடியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெறும் முட்டியோடு முனகிக்கொண்டே அடியில் நுழைந்தாள். அந்த நேரத்தில்தான் கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சேர்ந்தார்.

உள்ளே டார்ச் வெளிச்சம் ஆறாவது வரிசைக்குப் போய் நின்றுவிட்டது. முனகலும் நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் பேச்சக் காணோம்?"

கடப்பாரையால் சக்கரத்தை நெம்பும் சத்தம் கேட்டது. பிறகு சட்டங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அதில் சப்பட்டையாக நசுங்கிய நீல மெத்தை. போன வாரம் அதன்மேல் மண்டியிட்டுத்தான் அடியில் எல்லா மூலையையும் பார்த்திருக்கிறாள். தன் முட்டிக்கடியில் மட்டும் பார்க்காமல் எழுந்து வந்து மூடிவிட்டாள். விளக்கடியில்தான் இருட்டு.

கணவர் மெத்தையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேன்னு சொன்னியே, அவங்க வீடு இங்கதான் இருக்குபோல."

படிகளுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. இரும்பில் பட்டு எதிரொலித்து, பத்துப் பேர் சிரிப்பதுபோல் கேட்டது. வெட்கத்தில் முகம் சிவக்க வெளியே வந்து, "அண்ணே, மெழுகுமில்ல, மண்ணுமில்ல. குத்தம் என்னுது" என்று காவலாளியிடம் ஒப்புக்கொண்டாள்.

படிகள் நேராக வந்து நின்றபோது இன்னும் கால் மணி நேரமே இருந்தது. முந்நூற்று எண்பத்து நான்கிலும் அவள் ஒருத்தி உட்கார்ந்து எழ நேரமில்லை. ஆளுக்கு நான்கு வரிசையென்று பிரித்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்து எழுந்தார்கள். காவலாளிக்கு மூச்சு வாங்கியது. "இது இடுப்புல கொஞ்சம் லூசு" என்று கணவர் தையற்கடைப் பாஷையில் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னதும், டிராயரம்மா ஓடிப்போய் முடுக்கிவிட்டு அவரைப் பெருமையாகப் பார்த்தாள்.

பிறகு, சொன்ன சொல் தவறாமல், ஆறாவது வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். மகளின் முகத்தை முதல்முறையாக முழு ஆட்டமும் பார்த்தாள். பந்து கையில் இருக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். நட்டு முடுக்கும்போது தனக்கும் அதே வழக்கமென்று கண்டு அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கடைசி நிமிடம். இரு அணியும் சமம். எதிரணியின் தவறுக்குத் தண்டனையாகக் கிடைத்த தனி எறிதலுக்கு மகள் கோட்டில் வந்து நின்றாள். கூட்டம் முழுவதும் எழுந்து காலால் தட்டியது. அந்த இடியோசைக்கு நடுவே, கீழே எங்கோ இடது பக்கம், ஒரு நட்டு 'கிரீச்' என்றது. அவளைத் தவிர ஒருவருக்கும் அது கேட்டிருக்காது. வலது கை தானாகவே இருக்கைக்கு அடியில் இறங்கியது.

மகள் பந்தை மார்போடு பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து ஆறாவது வரிசையைத் தேடினாள்.

டிராயரம்மா எழுந்து நின்று, கிரீஸ் கறை படிந்த இரண்டு கைகளையும் விரல் விரித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.