வெயில் சார்

மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ‘வெயில் சார்’ என்று பெயர். நண்பகலில் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் கொட்டோ கொட்டென்று கொட்டும், எடுத்துக்கொள்ள ஆளிருக்காது. பொழுது சாய்ந்ததும் ஊரே ஒன்றாகச் சுவிட்சைப் போடும். நிலக்கரியை எரித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் முடித்துவிடுங்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார். குளிக்கப் போகிறவனையும் மறித்து, “இப்ப எதுக்கு ஹீட்டர்? மத்தியானம் குளி” என்பார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

“என் வீட்டையே பாருங்க. மூணு வருஷமா சாயங்காலம் ஒரு மெஷின் ஓடுனதில்ல” என்று கூட்டங்களில் மார்தட்டுவார். பொய்யில்லை.

கணுக்கால் முறிந்து வீட்டில் கிடந்தபோதுதான் அந்த நாலு மணி நேரத்தைக் கண்ணால் பார்த்தார். மனைவி துவைத்த துணியைக் கொளுத்தும் மொட்டை மாடிக்குச் சுமந்துபோனாள். இறங்கி வந்து மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினாள். பிறகு இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள். முகவாயில் வியர்வை சொட்டியது.

“கொஞ்சம் உக்காரேன்மா.”

“மூணு மணிக்குள்ள முடிக்கணும்ல?”

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

“மத்தியானம் நூலகத்துக்குப் போவியே, அந்தப் பார்வையில்லாத பொண்ணுக்குப் பாடம் வாசிக்க?”

“அதை விட்டு மூணு வருஷமாச்சுங்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“சொன்னேனே. ‘வேற நேரத்துல போயேன்’னீங்க. அவளுக்குக் காலேஜ்ல இடைவேளையே அப்பதான்.”

அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

கால் தேறியதும் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். வீட்டில் நண்பகல் வேலையெல்லாம் இனி அவர் தலையில். முதல் வாரமே வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் நீலமாகிவிட்டன. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் தைரியத்தில் கேட்டார்: “இனி நூலகத்துக்குப் போயிட்டு வாயேன்?”

“அவ படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாளாம். இப்ப யாருக்குப் போய் வாசிக்கிறது?”

அவரே நூலகத்துக்குப் போய் விசாரித்தார். அந்தப் பெண்ணின் விலாசம் யாரிடமும் இல்லை.

“உங்க வீட்டம்மாவா வாசிச்சாங்க? அவங்க நின்னப்புறமும் அந்தப் பொண்ணு ரெண்டு மாசம் வந்து, இந்த நாற்காலியில காத்துக்கிட்டிருந்துச்சு சார்” என்றார் நூலகர்.

இதை மட்டும் அவர் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.