கோழி மேய்த்தவரின் கட்டாய லீவு

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது: அரச உத்தியோகம். மாப்பிள்ளை அரசாங்கக் கோழிப் பண்ணையில் வேலை பார்க்கிறார் என்று தரகர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். அப்பா தயங்கவில்லை. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்" என்று சொல்லிச் சாதகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அரசாங்கத்தைக் கோறணமேந்தாக்கிய அந்தப் பழமொழியை இப்படிச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்ட மனிதர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். அன்று தொடங்கிய கேலி முப்பது வருடத்துக்கு மேலாகியும் எங்கள் குடும்பத்தில் ஓயவில்லை.

அத்தான் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி அமெரிக்கா போய், பெற்றோல் நிலையத்திலும் பொதிக் கிடங்கிலும் நின்று, குடியுரிமை கிடைத்த கையோடு அவர் தேடிப்போன வேலையும் அதேதான். மேரிலாந்தில் மத்திய அரசின் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று, அதற்குள் ஒரு கோழிக் கொட்டகை. "மாமா சொன்ன சொல்லை நான் மீறேல்லை" என்பார். மாமா என்றது எங்கள் அப்பாவை.

அதனால் அமெரிக்க அரசாங்கத்தைப் பூட்டியபோது எங்கள் குடும்பத்தில் முதலில் அடி வாங்கியது அந்தப் பழமொழிதான். அங்கே செலவுக்கான சட்டம் குறித்த நாளுக்குள் நிறைவேறாவிட்டால் அலுவலகங்களுக்குப் பூட்டு. சில ஊழியர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வரவேண்டும், மற்றவர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கவேண்டும். கோழிக்குத் தீன் போடுகிறவர் முதல் வகை. கோழியைப் பற்றிக் குறிப்பெடுக்கிற அத்தான் இரண்டாம் வகை. திறந்த பிறகு விட்ட சம்பளத்தைச் சேர்த்துத் தருவார்கள் என்று சொன்னார்கள். எப்போது திறப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பத்து நாளில் அக்கா போன் எடுத்தாள்.

"எடியே, இவரை உன்னட்டை அனுப்புறன். வீட்டிலை வச்சிருக்கேலாது. என்ரை கிச்சினை முழுக்கக் கழட்டி ஒதுக்கி வச்சிருக்கிறார். மிளகாய்த்தூள் எங்கை கிடக்கெண்டு எனக்கே தெரியேல்லை."

அக்கா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அவளுக்கு லீவு இல்லை. ஆகவே அத்தான் தனியாக, பத்து மணித்தியாலம் வடக்கே காரோடி, எல்லை தாண்டி, பிரெஞ்சு பேசுகிற மாகாணத்தில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பையோடு வந்து இறங்கினார். நானும் என் கணவரும் மேலே அறை ஒதுக்கி வைத்திருந்தோம். அத்தானோ பையைச் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

"அங்கை திறந்தால் அடுத்த வேலைநாள் காலமை நான் நிக்கோணும் பிள்ளை. இது இதிலை கிடக்கட்டும்."

அந்தப் பை ஒரு மாதத்துக்கு மேல் அதிலேயே கிடந்தது. காலையில் ஒரு சட்டையை எடுப்பார், மாலையில் தோய்த்து மடித்துத் திரும்ப வைப்பார். இரண்டு தரம் நானே அதில் தடுக்கி விழப் பார்த்தேன். விருந்தாளியைப் பார்த்து எப்போது போவீர்கள் என்று கேட்க நாங்கள் வளர்ந்த வளர்ப்பு விடாது. அந்தக் கேள்விக்குப் பதிலாக நானும் இவரும் வானொலியில் அமெரிக்கச் செய்தி கேட்டோம்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். முதல் கிழமையிலேயே எங்கள் முற்றத்து மேப்பிள் இலைகளை வாரி, நகரசபைக்காரர் எடுக்கிற காகிதப் பைகளில் நிறைத்து, பிறகு பக்கத்து வீட்டுக் கிழவியின் இலைகளையும் வாரினார். கிழவி "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி, அப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்து தந்தார். ஃபிரிஜ்ஜைத் திறந்து முட்டைப் பெட்டியை எடுத்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வயசு போன பேட்டின்ரை முட்டை. கோது மெல்லிசு, ஆனால் முட்டை பெரிசு. பாவம், இன்னும் உழைக்குது."

அதன் பிறகு எனக்கு முட்டை பொரிக்கவே மனம் வரவில்லை.

காலையில் கோப்பியோடு உட்கார்ந்து பண்ணையில் தீன் போடுகிற நண்பருக்குப் போன் எடுப்பார். கட்டாய லீவில் நிற்கிறவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கக்கூடாது, அலுவலக மின்னஞ்சலைக்கூடத் திறக்கக்கூடாது என்பது சட்டம். அத்தான் சட்டத்தை மீறுகிறவர் இல்லை. "வீட்டிலை எல்லாரும் சுகமோ? நல்லாச் சாப்பிடினமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். அந்தப் பக்கத்து மனிதருக்கு மனைவி மட்டும்தான், பிள்ளை இல்லை. "எல்லாரும் சாப்பிடுகிறார்கள், மூலையில் இருக்கிற ஒருத்திதான் கொஞ்சம் சோர்வு" என்று அவரும் பதில் சொல்வார். அன்று முழுக்க அத்தானின் முகம் வாடிக் கிடக்கும்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் அந்த நாட்களில் உண்மையான கவலை கோழியைப் பற்றியது இல்லை. என் பெறாமகளைப் பற்றியது.

அக்காவின் ஒரே பிள்ளை அவள். ஒன்பது வயதில் நீரிழிவு வந்தது. அன்றிலிருந்து இன்சுலின் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் இல்லை. இருபத்தாறு வயது வரை தகப்பனின் அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் இருந்தாள், அதற்குப் பிறகு பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். அவள் ஒரு சிநேகிதியோடு சேர்ந்து சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறாள். சீனி வருத்தக்காரி சீனிப் பலகாரம் விற்கிறாள் என்று தானே சொல்லிச் சிரிப்பாள். சொந்தத் தொழில் என்பதால் காப்புறுதியும் சொந்தமாகத்தான் வாங்கவேண்டும். அரசாங்கம் ஒரு மானியம் கொடுத்தது, அதனால் சமாளித்தாள். அந்த மானியத்தின் பெரும்பகுதி வருடக் கடைசியோடு முடிகிறது. அது இல்லாவிட்டால் அடுத்த வருடம் மாதாமாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. அவள் இருக்கிற அறையின் வாடகையை விடக் கூட.

அரசாங்கம் பூட்டிக் கிடந்ததும் இதே மானியத்துக்காகத்தான். மானியத்தை நீட்டு, கையெழுத்து வைக்கிறோம் என்றது ஒரு பக்கம். முதலில் திற, பிறகு பேசலாம் என்றது மற்றப் பக்கம். கயிறிழுப்பில் ஒரு நுனியில் அத்தானின் சம்பளம், மற்ற நுனியில் அவருடைய மகளின் இன்சுலின். இது எனக்கு விளங்க இரண்டு நாள் பிடித்தது. வானொலியில் பேச்சுவார்த்தை முறிந்தது என்று சொன்னபோது, "நிக்கட்டும், விடாமல் நிக்கட்டும்" என்று அத்தான் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அத்தான் கதைக்கிறியள்? உங்கடை சம்பளமெல்லே நிக்குது?"

"என்ரை சம்பளம் பேந்து வரும் பிள்ளை. இது போனால் வராது."

அக்கா மற்றக் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு இருவரும் சண்டை பிடிப்பார்கள். நடுவில் நான் சோறு போடுவேன்.

"வீட்டுக் கடனை ஆர் கட்டுறது? திறந்து சம்பளம் வந்தால் நாங்கள் பிள்ளைக்குக் கட்டலாம்தானே?" என்பாள் அக்கா.

"எத்தினை வருசத்துக்குக் கட்டுவாய்? நாங்கள் செத்தாப் பிறகு ஆர் கட்டுறது?"

"அதுக்கு இப்ப பட்டினி கிடக்கோணுமோ?"

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். ஒருவர் பிழையாக இருந்தால் மற்றவரோடு சேர்ந்து திட்டியாவது இருக்கலாம்.

ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் மாகாண மருத்துவ அட்டையை எடுத்து மேசையில் போட்டு, "இங்கை பாருங்கோ, சூரியன் படம் போட்ட கார்ட். இது இருந்தால் ஒருத்தரும் ஒருத்தருக்கும் காசு கட்டத் தேவையில்லை. பிள்ளையை இங்கை பிறக்க வச்சிருக்கோணும்" என்றேன். அத்தான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ குடும்ப டொக்டருக்குப் பேர் பதிஞ்சு காத்துக்கொண்டிருக்கிறது எத்தினை வருசம்?"

"நாலு."

"ஓம். உன்ரை கார்ட்டிலை சூரியன் இருக்கு, டொக்டர் இல்லை."

இவர் சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

கந்தசஷ்டி வந்தது. குடியேறிய நாளிலிருந்து ஆறு நாளும் விரதம் பிடிக்க நேரம் கிடைக்காத மனிதர், இந்த முறை ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு பிடித்தார். நான் தினமும் வேலை செய்கிற கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பெற்றோரோடு அனுப்பிவிட்டு வந்து அவரை டொலார்டில் இருக்கிற முருகன் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கடைசி நாள் சூரன்போர். சூரன் தலை மாற்றி மாற்றி வந்து, மாமரமாகி, பிளந்து, சேவலும் மயிலுமாக ஆனபோது அத்தான் என் பக்கம் குனிந்தார்.

"பாத்தியோ, முருகனும் கடைசியிலை கோழி மேய்க்கிற ஆள்தான்."

ஆறு நாள் பட்டினியிலும் பகிடி விட்டுப்போகவில்லை.

நான் அர்ச்சனைச் சீட்டை நீட்டினேன். யாருடைய பெயருக்கு என்று ஐயர் கேட்டார்.

"அத்தான்ரை பேருக்கு ஐயா. அமெரிக்கன் கவுண்மெந்து கெதியாத் திறக்கோணும்."

"கவுண்மெந்துக்கு என்ன நட்சத்திரம் பிள்ளை?" என்றார் ஐயர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் தன் கையிலும் ஒரு சீட்டு வைத்திருந்தார். என் அர்ச்சனை முடிந்த பிறகு மெல்ல முன்னுக்குப் போய், மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். கண்ணை மூடி நின்றவர், தீபம் காட்டி முடிந்தும் திறக்கவில்லை. காரில் வரும்போது என்ன கேட்டீர்கள் என்றேன்.

"கேட்டதை வெளியிலை சொல்லப்படாது பிள்ளை."

அதற்குப் பிறகும் இரண்டு கிழமைக்கு மேல் பூட்டு நீண்டது. முதல் பனி கொட்டியது. நான் வேலையால் வரும்போது அத்தான் வாசல் பாதையை வழித்து, உப்புத் தூவி, பருப்பும் வைத்து இறக்கியிருப்பார். உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் போவது பிடிக்கவில்லை. பூட்டுத் திறக்க அர்ச்சனை செய்த நானே, செய்தியில் இன்றும் உடன்பாடில்லை என்று கேட்டால் உள்ளுக்குள் ஆறுதல் பட்டேன். அக்காவிடம் இதைச் சொன்னால் செருப்பாலடிப்பாள்.

பிறகு ஒரு மாலை, மானியம் இல்லாமல் கையெழுத்தாகாது என்று நின்றவர்களில் சிலர் மனம் மாறிவிட்டார்கள். அரசாங்கம் திறக்கிறது. மானியத்தைப் பற்றிப் பேந்து, அதாவது பிறகு, பார்ப்போமாம். எங்கள் ஆட்கள் பேந்து பார்ப்பம் என்றால் என்ன பொருள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தான் செய்தியை முழுக்கக் கேட்டுவிட்டு வானொலியை நிறுத்தினார். சப்பாத்துத் தட்டடியில் போய்ப் பையின் ஜிப்பைச் சரிபார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தானின் மகள் போனில் வந்தாள். அத்தான் எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, திறந்திட்டாங்கள், ஹப்பியோ?"

"ஓம் குஞ்சு. நீ சாப்பிட்டியோ? சீனி பாத்தியோ?"

"பாத்தனான், நல்லாயிருக்கு. அப்பா, நானும் ஒரு நியூஸ் சொல்லோணும். எனக்கு வேலை கிடைச்சிட்டுது. பப்ளிக் ஸ்கூல் கிச்சினிலை. ஃபுல் டைம், இன்சூரன்ஸ் இருக்கு."

நான் கட்டிக்கொண்டிருந்த பொதியை மேசையில் வைத்தேன்.

"பேக்கரி?" என்றேன் நான்தான்.

"ஃபிரெண்டே நடத்துவாள் சித்தி. நான் சனிக்கிழமையிலை போய் ஹெல்ப் பண்ணுவன்." பிறகு, அமெரிக்க நாக்கில் தடுக்கித் தடுக்கி, தகப்பனைச் சிரிக்க வைக்கிற குரலில் சொன்னாள்: "இதும் கவுண்மெந்துதானே அப்பா. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்."

முப்பது வருடமாக அந்த வாசகம் கேட்டு நாங்கள் சிரிக்காமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

"ஓம் குஞ்சு. நல்லது," என்றார் அத்தான். "நல்ல வேலை."

போனை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் சாப்பாட்டுப் பொதியோடு பின்னால் போனபோது காரின் முன் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி எப்போதோ சுத்தமாகிவிட்டது. சுரண்டுவதை நிறுத்தவில்லை. பொதியை வாங்கிப் பக்கத்து சீற்றில் பக்குவமாக வைத்தார். "கோழியள் உங்களைக் கண்டால் சந்தோசப்படும் அத்தான்" என்றேன்.

"ஓம்," என்றார். கார்க் கதவைத் திறந்தார்.

"முருகன் எனக்கு வேலையைத் திருப்பித் தந்திட்டார் பிள்ளை. நான் அதைக் கேட்கேல்லை."