அரைமணி நேரக் கல்

திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சி மையம் கட்டுவது என்று முடிவானபோது, அதன் முதல் வரைபடத்தை வரைந்தவள் நான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். என் அம்மா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் பருப்பு புடைக்கிறாள். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கான்கிரீட் வேலைக்கு வந்து, மற்றவர்கள் வரைந்த படங்களுக்காக இருபது வருடம் ஜல்லி சுமந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும் நான்தான். போட்டிக்கு வேறு யாரும் இல்லாததால் இரண்டிலும் முதலிடம் சுலபமாகக் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தின் கட்டுமானப் பிரிவில் ஒப்பந்தப் பொறியாளராக நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மையத்தைத் திட்டமிட ஒரு குழு அமைத்தார்கள். கூட்டங்களில் சொல்லப்படுவதையெல்லாம் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குள் படத்தில் ஏற்றுவது என் வேலை. முதல் கூட்டத்தில் உடற்பயிற்சிக் கூடமும் உடை மாற்றும் அறைகளும் போதும் என்றார்கள். இரண்டாவதில் ஐஸ் குளியல் வந்தது. மூன்றாவதில், ஆடிய ஆட்டங்களைத் திரையில் போட்டுப் பார்க்க ஓர் அறை. நான்காவதில், அதே அறையில் கருத்தரங்கும் நடத்தலாமே என்று இருநூறு நாற்காலிகள். விருந்தினர் ஓய்வறை எந்தக் கூட்டத்தில் நுழைந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் அது கொஞ்சம் அகலமாகியிருக்கும்.

குழுவில் கால்பந்து ஆடத் தெரிந்தவர் ஒருவர்தான். அணியின் கோச். விழிஞ்ஞத்து மீன்பிடிக் குடும்பத்துக்காரர், ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் அவரே பயிற்சி கொடுத்தார். பேச்சில் மலையாளமும் தமிழும் கடற்கரைக்கே உரிய கணக்கில் கலந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பூட்ஸ் கழுவ ஒரு குழாய். மழைக்காலத்தில் பிள்ளைகள் சேற்றுக் காலோடு பஸ் ஏறினால் கண்டக்டர் திட்டுகிறாராம். 'பரிசீலிக்கப்படும்' என்று குறித்துக்கொண்டேன். இரண்டு முறை படத்தில் அந்தக் குழாய்க்கு இடம் கொடுத்தேன். இரண்டு முறையும் விருந்தினர் ஓய்வறை நகர்ந்து வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

மைதானம் வடக்குத் தெற்காக நூற்றிரண்டு மீட்டர் நீளம். தெற்குக் கோலுக்குப் பின்னால், பழைய விடுதியை இடித்துவிட்டுப் போட்டிருந்த காலி இடத்தில் கட்டடம் வருவதாகப் படம். வடக்குக் கோலுக்குப் பின்னால் வேலிவரை ஆறு மீட்டர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ரோடும் ஒரு பஸ் ஸ்டாப்பும்.

அடிக்கல் நாட்ட நாள் குறித்தார்கள். குறித்த நாளுக்கு முந்தைய வாரம் முழுவதும் துலா மாத மழை, நம் ஐப்பசி மழை, கொட்டியது. தெற்குப் பக்கம் முழங்கால் வரை சேறு. அடிக்கல் நாட்ட வரும் பெரியவரின் கார் அதில் இறங்கினால், அதுவே கட்டடத்துக்கு அஸ்திவாரமாகிவிடும். என் மேலதிகாரி, எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியர், என்னைத் தனியே கூப்பிட்டார். வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். கூட்டங்களில் மலையாளம், கடிதங்களில் ஆங்கிலம், ஃபைலில் ஏறக்கூடாத விஷயங்களுக்கு மட்டும் என்னிடம் வீட்டுத் தமிழ். அவர் தமிழில் ஆரம்பித்தாலே நான் பேனாவை மூடிவிடுவேன்.

"கல்லை வேற எங்கயாவது வெச்சுக்கலாம், குட்டி. அரைமணி நேரம் நின்னாப் போறும். அப்பறம் எடுத்துண்டு வந்து கட்டடத்துச் சுவர்ல பதிச்சுடலாம். நீயே நல்ல எடமாப் பாரு."

நான் வடக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். தரை கெட்டி, மரநிழல் உண்டு, கேட்டிலிருந்து காரில் வந்து இறங்கலாம். ஃபைலில் எழுதிய காரணங்கள் இவ்வளவுதான். எழுதாத காரணம் ஒன்று உண்டு. அந்த விழாவுக்கு அம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடையில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று வேலி வழியாகப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. தெற்குப் பக்கம் கல்லை நட்டால் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒன்றும் தெரியாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் சொல்லி எழப்போகும் முதல் கட்டுமானம் அதுதான். இந்த மாதிரிக் கல்லுக்கு மணலைப் பரப்பி, நாலு செங்கல்லை அடுக்கி, சும்மா சிமென்ட் பூசிவிடுவது வழக்கமாம். மேஸ்திரி அப்படித்தான் செய்யப் போனார். நான் விடவில்லை. முக்கால் மீட்டர் குழி எடுக்கச் சொல்லி, கம்பி கட்ட வைத்து, கலவையை நானே பக்கத்தில் நின்று பார்த்து கான்கிரீட் போட வைத்தேன். நான்கு பாடங்களில் படித்த அனைத்தையும் அந்தக் குழிக்குள் இறக்கினேன். இதன்மேல் இரண்டு மாடி எழுப்பலாம் என்று மேஸ்திரி சிரித்தார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

விழா நன்றாக நடந்தது. பெரியவர் கரண்டியால் கலவையை ஒரு தட்டுத் தட்டினார். கறுப்புக் கல்லில் அவர் பெயர் பொன் எழுத்தில் மின்னியது. மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் என் இடது முழங்கை தெளிவாகத் தெரிகிறது. அதை வெட்டி வைத்திருக்கிறேன். அம்மா வேலிக்கு வெளியே, பருப்புத் தூசி படிந்த தலைத்துண்டோடு நின்றாள். கையை அசைக்கவில்லை. பார்த்தாள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கல்லைப் பெயர்க்க இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மத்தியானம் வரை குத்தினார்கள். கான்கிரீட் அசையவில்லை. கறுப்புக் கல்லின் மூலையில் ஒரு சில்லு தெறித்ததும் மேலதிகாரி ஓடிவந்து நிறுத்தினார். என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தமிழில் கேட்டார்.

"அரைமணி நேரம் நிக்கற கல்லுக்கு லோகத்துல யாராவது கம்பி கட்டுவாளோ?"

அப்போது எனக்குள் வெட்கத்தோடு கூடவே சிறிது பெருமையும் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

உடைத்துவிட்டு வேறு கல் செய்யலாம் என்றால், அதற்குள் கடப்பாரைச் செய்தி பரவிவிட்டது. திட்டத்தைக் கைவிட்டுவிட்டீர்களா என்று பெரியவரின் அலுவலகத்திலிருந்து ஃபோன். தன் பெயரை உடைத்தார்கள் என்று நாளை அவரே கேட்டால் யார் பதில் சொல்வது? குழு அவசரமாகக் கூடியது. நட்ட கல்லைப் பெயர்த்தால் ஆட்டக்காரர்களின் முழங்காலுக்கு ஆகாது என்று, வாஸ்து தெரிந்த ஒரு பேராசிரியர் சொன்னார். அது மருத்துவக் கருத்தா என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், கல்லைக் கட்டடத்துக்குக் கொண்டுவர முடியாதென்றால் கட்டடத்தைக் கல்லுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. கல் ஏதாவது ஒரு சுவரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் திருத்திய படம் வேண்டும்.

கட்டடத்தின் அகலம் இருபத்திரண்டு மீட்டர். வடக்கே இருப்பது ஆறு. மிச்சம் பதினாறு மீட்டரை மைதானம்தான் கொடுக்க வேண்டும். தெற்கே விடுதி இருந்த இடம் ஓர் ஆள் பள்ளம், மைதானம் அந்தப் பக்கம் நகரவும் வழியில்லை. நூற்றிரண்டிலிருந்து பதினாறு போனால் எண்பத்தாறு. தொண்ணூறு மீட்டருக்குக் கீழே போனால் விதிப்படி அது கால்பந்து மைதானமே இல்லை. பல்கலைக்கழகப் போட்டி எதுவும் அங்கே நடக்காது. இருநூறு நாற்காலி, ஐஸ் குளியல் எல்லாம் இருக்கும், ஆடத்தான் வேறு ஊருக்குப் போக வேண்டும். இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டிய கோச் அணியோடு வெளியூர் போயிருந்தார். சொல்லியிருக்க வேண்டிய இன்னொரு ஆள் நான். கல்லை அங்கே நட்டது யார் என்ற கேள்வி எழுந்துவிடுமோ என்று குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

கோச் திரும்பி வந்த காலையில் நான் மைதானத்துக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண்கள் அணி ஓடிக்கொண்டிருந்தது.

"இது எந்தா எஞ்சினியரே, புதிய பெனால்டி பாக்ஸோ?"

சுவர் என்றேன். அவர் வேலிப் பக்கமிருந்து கோடு வரை நீள நீளமாக எட்டு வைத்து அளந்தார். பிறகு திரும்பி வந்து நின்றார்.

"டிரெயினிங் சென்டர் வரும். டிரெயினிங் எங்க, மொட்டை மாடியிலயோ?"

அவர் கல் இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"அந்தக் கல்ல அங்க நட்ட மண்டன் ஆருன்னு மட்டும் தெரியட்டு. அவனக் கோல்ல நிறுத்தி, இந்தப் பெண்பிள்ளைகள வரிசையா பெனால்டி அடிக்க விடும் ஞான்."

"நான்தான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். மரநிழல், கெட்டித் தரை என்று ஃபைலில் உள்ளதை ஆரம்பித்துவிட்டு, பாதியில் விட்டேன். அம்மா ரோட்டில் நின்று பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே வைத்தேன் என்றேன். அவர் திரும்பி, வேலிக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார்.

"அம்ம கண்டதா?"

"கண்டாங்க."

"பின்ன சரி. அந்தக் காரியம் நடந்து. இனி எனக்கு கிரவுண்டத் திருப்பித் தா."

மூன்று நாள் படத்தோடு மல்லுக்கட்டினேன். கட்டடத்தைத் திருப்பிப் போட்டேன், குறுக்கினேன், மாடியில் ஏற்றினேன். எப்படிப் போட்டாலும் அது மைதானத்தைக் கடித்தது. நாலாவது நாள் குழுவின் முடிவைத் திரும்பப் படித்தேன். என் கையெழுத்துத்தான். கல் ஏதாவது ஒரு சுவரில் இருக்க வேண்டும். எந்தச் சுவர், எவ்வளவு உயரச் சுவர் என்று யாரும் சொல்லவில்லை.

மையத்தை இரண்டு பகுதியாகப் பிரித்தேன். பகுதி இரண்டு, பழையபடி தெற்கே: ஐஸ் குளியல், நாற்காலிகள், ஓய்வறை எல்லாம். பகுதி ஒன்று, வடக்கே அந்த ஆறு மீட்டருக்குள்: இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர், சுவரை ஒட்டி டைல்ஸ் போட்ட திண்டு, ஆறு குழாய், ஒரு சாக்கடை. சுவரின் நடுவில் கல்.

மேலதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன, கால் அலம்பற எடமா?"

"ஆமா சார்."

"அவர் பேர் போட்ட கல்லு இந்தச் சுவர்லயா?"

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பென்சில் எடுத்து, 'பூட்ஸ் கழுவுமிடம்' என்று நான் எழுதியிருந்ததை அடித்தார். மேலே அழகான ஆங்கிலத்தில் 'பிளேயர்ஸ் அரைவல் கோர்ட்', அதாவது ஆட்டக்காரர்கள் வந்துசேரும் முற்றம், என்று எழுதினார். கூட்டத்தில் அதையே மலையாளத்தில் கால்மணி நேரம் விளக்கினார். ஆட்டக்காரர்களை முதலில் வரவேற்பது இந்தக் கல்தான் என்றார். குழு நெகிழ்ந்துபோனது. கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வாஸ்துப் பேராசிரியர் கேட்டார். கிழக்கு என்றதும் முழங்கால்கள் தப்பின. பகுதி ஒன்று அன்றே தேறியது. மீதி நேரம் ஓய்வறை சோபாவின் நிறத்துக்குச் செலவானது.

அடுத்த மழைக்கு முன்னால் பகுதி ஒன்று எழுந்துவிட்டது. பகுதி இரண்டின் ஃபைல் மேலே போகிறது, ஒரு கேள்வியோடு கீழே வருகிறது, நான் பதில் எழுதுகிறேன், மறுபடி மேலே போகிறது. இன்றைய தேதியில் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சி மையம் என்பது ஆறு குழாயும் ஒரு திண்டும்தான். பயிற்சிக்குத் தாமதமாக வருபவர் கல்லில் தெறித்த சேற்றைத் துடைக்க வேண்டும் என்று கோச் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். அந்த வளாகத்தில் அவ்வளவு சுத்தமான அடிக்கல் வேறு கிடையாது.

போன மாதம் வெளியூர்ப் பல்கலைக்கழகப் பெண்கள் அணி ஆட வந்தது. ஆட்டத்துக்கு முன் நடுவர் டேப் பிடித்து அளந்தார். நூற்றிரண்டு. நான் கோட்டருகே நின்று அந்த எண்ணை அவர் குறித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வேலிப் பக்கம் போனேன். அன்று கடைக்கு விடுமுறை. அம்மா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"ஏட்டி, இதுல நீ கெட்டினது எது?"

குழாய்களைக் காட்டினேன். தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றேன். பிறகு, கொஞ்சம் பெரிதாகவே ஏதாவது காட்ட வேண்டும் என்று தோன்றி, மைதானம் முழுவதையும் கையால் சுற்றிக் காட்டினேன்.

"அது முன்னமே கெடந்ததுல்லா?"

"ஆமாம்மா. அதக் கெடந்தபடியே விட்டதுதான் என் வேலை."

அம்மா மைதானத்தை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இதுக்கா ஏட்டி நாலு வருசம் படிச்ச?"

ஆமாம் என்றேன். உள்ளே விசில் ஊதினார்கள். அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடைவேளை வரை நின்று பார்த்தாள்.