காரணம் எழுதாமல் ரிஜெக்ட் செய்யாத திம்மண்ணா

திம்மண்ணா இறந்த செய்திக்கு முதலில் வாழ்த்துச் சொன்னவள் நான்தான். இதை நானே சொல்லிவிடுகிறேன். எப்படியும் நம் ஷிப்டில் பாதிப்பேர் கேட்டிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய படம் வந்தது. சுற்றிலும் ரோஜாப்பூ, ஓரத்தில் இரண்டு விளக்கு, அடியில் நாலு வரி எழுத்து. நான் ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். படம் இருந்தால் எழுத்துப் பக்கம் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. பிறந்தநாள் என்று நினைத்து மைக்கை அமுக்கி, “என்னா திம்மண்ணா, பூவெல்லாம் பலமா இக்குது! வயசு எத்தினின்னு கேக்கல, பிரியாணி எப்பன்னு மட்டும் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் பாலிஷிங் லைன் செல்வி போன் செய்தாள். “அக்கா, அத அழிங்க மொதல்ல. அண்ணன் போயிட்டாரு. காலைல தோட்டத்துல நெஞ்சு வலி.”

அவசரத்தில் அழித்தேன். என் போனில் மட்டும்தான் அழிந்தது. உங்கள் போன்களில் இன்னும் இருக்கும். அவர் ஊரான பாகலூருக்குப் போய், அவர் மனைவி நாகரத்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த அழுகைக்கு நடுவிலும் அவர், “அவரு கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு சாந்தம்மா” என்றார். அதை நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் கம்பெனியில் பைக்குக்கு மாட்டுகிற பக்கக் கண்ணாடி செய்கிறோம். நான் பேக்கிங். எனக்கு முந்தின டேபிள் திம்மண்ணா, கடைசி இன்ஸ்பெக்‌ஷன். தேறாத பீஸுக்கு ஒரு சிவப்பு டேக் கட்ட வேண்டும். அதில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பீஸ் ரிஜெக்ட் தொட்டிக்குப் போகும். எல்லாக் கம்பெனியிலும் இருக்கிற வழக்கம்தான். ஆனால் அதைச் சாமி காரியம்போல் செய்தவர் இவர். ஒருமுறை சூப்பர்வைசர் ‘சரியில்லை’ என்று எழுதிய டேக்கோடு ஒரு கண்ணாடி வந்தது. திம்மண்ணா அதைத் தொட்டியில் போடாமல் மத்தியானம் வரை மேஜை மேலேயே வைத்திருந்தார்.

“சரியில்லன்னா என்னா சரியில்ல சார்? கீறலா, கறையா, ஸ்க்ரூ லூசா? பீஸுக்கு வாய் இல்ல. தள்றவங்கதான் சொல்லணும்.”

“அண்ணா, உங்க கல்யாணத்துக்கு வந்த ஜாதகத்தெல்லாம் இப்படித்தான் டேக் கட்டித் திருப்பி அனுப்பிச்சீங்களா?” என்று நான் கேட்டேன். லைனே சிரித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “எனக்குத்தான் வந்துச்சு, நாலு டேக்கு” என்றார்.

இன்னொரு நாள். நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இடது கண்ணாடியை வலது பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டாள் என்று எல்லோரும் அவளைத் திட்டினார்கள். நானும் என் பங்குக்கு, “சாப்பாட்டையாவது வலது கையில சாப்புடுவியா?” என்று கேட்டேன். திம்மண்ணா டீ பிரேக்கில் அவளைப் பத்துத் தடவை பேக் செய்யச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் நின்று பார்த்தார். மறுநாள் பேக்கிங் தட்டில் ஒரு சின்ன போல்ட்டை நட்டு வைத்தார். அதற்கப்புறம் தப்பான கண்ணாடி அந்தக் குழியில் உட்காராது. “இந்தத் தட்டு இத்தினி நாளா ரெண்டையும் வாங்கிக்கிச்சு. அந்தப் பொண்ண என்னா சொல்றீங்க?” என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள்.

என் மகள் யமுனா. வீட்டில் தமிழ், எதிர்வீட்டில் தெலுங்கு, தெருமுனைக் கடையில் கன்னடம் என்று மூன்றையும் கடகடவென்று பேசுவாள். புத்தகத்தைத் திறந்தால் ஊமை. ஒரு வரி படித்தால் அடுத்த வரியை விட்டு அதற்கடுத்த வரிக்குப் போய்விடுவாள். ஒரே சொல்லை மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் எழுதுவாள். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்றார்கள். நாங்களும் நம்பினோம். நான் அவளுக்கு ‘கலெக்டரம்மா’ என்று பெயர் வைத்திருந்தேன். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

அவள் எட்டாவது படித்தபோது வந்த ஆயுத பூஜை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, பாதுகாப்பு உறுதிமொழியை ஆளுக்கு ஒரு வரி மைக்கில் படிக்கச் சொன்னார்கள். யமுனாவின் முறை வந்தது. பேப்பரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் கூட்டத்திலிருந்து, “என்னாடி கலெக்டரம்மா, மைக்க முழுங்கிட்டியா?” என்று கத்தினேன்.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, சிரிக்கத்தான் சொன்னேன். அவள் பேப்பரை மைக் ஸ்டாண்டிலேயே செருகிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

திம்மண்ணா அவள் பின்னால் போனார். அரை மணி நேரம் கழித்து என்னிடம் வந்தார்.

“ஒன் மகளுக்கு லைன ஒரு சுத்து காட்னேன். எந்த டேபிள்ல என்னா மாட்றாங்கன்னு வரிசையா திருப்பிச் சொல்றா. நேத்து சேந்த டிரெய்னிக்கு அது வராது.”

“அப்புறம் ஏன் படிக்க மாட்டேங்கறா? திமிருண்ணா.”

“திமிருதான்னு செக் பண்ணிட்டா சொல்ற? சாந்தம்மா, நீ கலாய்க்கறது எனக்குப் புடிக்கும். என்னக் கலாய், எவ்ளோ வேணா. அவள விட்டுடு.”

அதையும் சிரித்தே சமாளித்தேன். கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது யமுனா என் பக்கத்தில் உட்காரவில்லை. நாலு சீட் தள்ளி, செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நாகரத்னம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். யமுனாவை ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, கையில் டைரியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை, திருத்தவில்லை. எங்கே நிற்கிறாள், எங்கே வரி தாவுகிறாள் என்று குறித்துக்கொண்டார். பிறகு அதே பக்கத்தை அவரே படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். டைரியை மூடிவிட்டு, “எங்க மாட்டுதுன்னு தெரியுது. ஏன் மாட்டுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட காட்டணும்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்கிற ஆம்பிளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவரே விசாரித்து, வட்டார வள மையத்தில் இருந்த ஒரு சிறப்பாசிரியையிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா பல நாள் பார்த்துவிட்டு, டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயர் என் வாயில் நுழையவே இரண்டு நாள் ஆனது.

“மாத்திரை எத்தினி நாளைக்கிங்க மேடம்?”

“இது வியாதி இல்லம்மா. உங்க பொண்ணுக்கு அறிவு நல்லாவே இருக்கு. எழுத்து மட்டும் சட்டுன்னு பிடிபடாது. அவளுக்குப் புரியற விதமா, நிதானமா சொல்லிக் குடுக்கணும். முக்கியமா, கேலி பண்ணக் கூடாது.”

திம்மண்ணா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்துத்தான் அந்த அம்மா அப்படிச் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அந்த ஆசிரியை சனிக்கிழமைதோறும் சொல்லிக்கொடுத்தார். சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, உரக்கச் சொல்லி, விரலால் எழுதிப் பார்த்து என்று மெதுவாகப் போனது. திம்மண்ணா தன் பங்குக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்துக் கொடுத்தார். யமுனாவின் கண் அடுத்த வரிக்குத் தாவுவது நின்றது.

இங்கே அவர் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். செத்தவர்களைப் பற்றி எழுதும்போது அதெல்லாம் வேண்டாம் என்றாள் செல்வி. திம்மண்ணா விஷயத்தில் விட்டுவிட்டு எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஜன்னல் அட்டை வேலை செய்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. லைனில் ஒரு கண்ணாடிக்கு இத்தனை செகண்ட் என்று பார்ப்போமே, அந்த ஸ்டாப்வாட்சைக் கொண்டுவந்து, யமுனா ஒரு பத்தி படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எடுக்க ஆரம்பித்தார். சுவரில் ஒரு சார்ட் வேறு. மூன்றாவது வாரம் அவள் முன்னைவிட மோசமாகத் திக்கினாள். நாலாவது வாரம் அட்டையை இரண்டாகக் கிழித்துப் போட்டாள்.

“மாமா, நான் என்னா மிஷினா?”

திம்மண்ணா எழுந்து போய்ச் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்து மடித்தார். “என் தப்பும்மா. அம்பது வயசுக்கு மேல ஆவுது, இது ஒன்னுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அத ஒன் தலைல கட்டிட்டேன்” என்றார். பதின்மூன்று வயசுப் பெண்ணிடம் மன்னிப்பு. அடுத்த வாரம் புது அட்டையோடு வந்தார், வாட்ச் இல்லாமல்.

ஒன்பதாவது முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பத்தாவதில் எல்லோரும் பாஸ் என்று அவர்கள் ஊரெல்லாம் பேனர் வைக்க வேண்டும். டிசியை வாங்கிக்கொள்ளுங்கள், வேறெங்காவது சேருங்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவர். “படிப்பு வரலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. என்கூட ரோஜா வெட்ட வரட்டும், இதுக்குப் போய் ஊர் ஊரா அலையணுமா?” என்றார். கெட்ட மனுஷன் இல்லை, ஓய்ந்து போயிருந்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யமுனா தன் யூனிபாரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

திம்மண்ணா லீவு போட்டுவிட்டு எங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆசிரியை கொடுத்த கடிதத்தைக் காட்டினார். தலைமையாசிரியை அதைத் தொடவில்லை. “வாயால கேளுங்க மேடம், நல்லா சொல்லுவா” என்றார் திம்மண்ணா. அந்த அம்மாள் ஏதோ கேட்டார். யமுனா நடுங்கிப் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். என் வாயிலும் ஒரு கிண்டல் வரவில்லை.

திம்மண்ணா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“சரிங்க மேடம், கூட்டிட்டுப் போறோம். இந்தக் காரணத்துக்காக இந்தப் பொண்ணு வேணாம்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க.”

“அதெல்லாம் எழுதித் தர முடியாதுங்க.”

“எங்க கம்பெனியில ஒரு கண்ணாடியத் தள்றதுன்னாக்கூட காரணம் எழுதாம தள்ள முடியாது மேடம். இது புள்ள. மத்தியானம் வரைக்கும் உக்காந்திருக்கேன், யோசிச்சு எழுதுங்க.”

நிஜமாகவே உட்கார்ந்தார். வராண்டா பெஞ்சில் நாங்கள் நாலு பேர். பீரியட் மணி மூன்று தடவை அடித்தது. என் வீட்டுக்காரர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மதிய மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளார்க் வந்து, பத்தாவதுக்கான புத்தகப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திம்மண்ணா பேனாவைத் திரும்ப வாங்கக்கூட மறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் அவரிடம், “நான் பெத்தவன், நான் கேட்டிருக்கணும்” என்றார். “அடுத்த தபா நீங்க கேளுங்க. எனக்கு இதுக்கு மேல லீவு இல்ல” என்றார் திம்மண்ணா.

அதன்படியே கிருஷ்ணகிரிக்கு மெடிக்கல் போர்டு சான்றிதழ் வாங்க என் வீட்டுக்காரர்தான் மகளை அழைத்துப் போனார். முதல் தடவை போட்டோ எடுத்துப் போக மறந்தார், இரண்டாம் தடவை பள்ளிக்கூடக் கடிதத்தை மறந்தார், மூன்றாம் தடவை இரண்டையும் கொடுத்து வாங்கி வந்தார். பொதுத்தேர்வில் யமுனாவுக்குக் கூடுதல் நேரமும், அவள் சொல்வதை எழுத ஓர் ஆளும் கொடுத்தார்கள்.

ரிசல்ட் அன்று திம்மண்ணாவுக்கு வார விடுமுறை, தோட்டத்தில் இருந்தார். யமுனா என் போனில் அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, அதிலேயே வந்திருந்த மார்க்கை அவருக்குத் தானே படிப்பேன் என்றாள். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. முதல் வரி வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதில் மாட்டிக்கொண்டாள். எட்டிப் பார்த்துச் சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன்.

“சாந்தம்மா, சும்னிரு” என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. அவசரத்தில் அவருக்குக் கன்னடம்தான் வரும், சும்மா இரு என்று அர்த்தம். நான் வாயைத் திறந்தது பாகலூரில் அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

போனில் எங்கோ ஒரு மாடு கத்தியது. அவர் ‘ம்’ கூடச் சொல்லவில்லை. யமுனா வரியின் ஆரம்பத்துக்குப் போய், விரலை வைத்து, மறுபடி தொடங்கினாள். கடைசி வரி வரைக்கும் அவளே வந்தாள். பாஸ் என்பதை அவள் படித்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டோம்.

இப்போது அவள் பதினொன்றாவது. சாயங்காலம் உரக்கப் படிக்கிறாள். நடு நடுவே நிற்கிறாள். எனக்கு நாக்கு துறுதுறு என்கிறது, அந்தச் சொல் சில நேரம் எனக்கே தெரிகிறது. நான் காய் நறுக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவளே அந்தச் சொல்லுக்கு வந்து சேருகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். பேசாமல் இருக்கிற சாந்தாவை உங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. திம்மண்ணா எனக்கு விட்டுப் போனது அந்தச் சாந்தாவைத்தான்.