உயிலில் விட்டுப்போன பெயர்

கணவர் இறந்த சில மாதங்களில், மரக்காணத்தில் இருக்கும் எங்கள் வீட்டை என் காலத்துக்குப் பிறகு எங்கள் திருச்சபைக்குக் கொடுப்பதாக உயில் எழுத முடிவு செய்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேள்விப்பட்டவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்திர எழுத்தர் கொடுத்த நகலைப் போதகரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தவர், "உங்க நாத்தனார் உப்பளத்துல வேலை செய்யறாங்களே, அவங்களுக்குச் சொந்த வீடு இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. வாடகை வீடுதான்."

"தப்பா நினைக்காதீங்க. இது கர்த்தருக்குக் குடுக்கணும்னு எழுதினதா, அவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எழுதினதா?"

கணவரின் அடக்கத்தன்று, "எங்க அண்ணனை நீங்க சரியா பாத்துக்கல" என்று ஊர் முன்னால் சொன்னவள் அவள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவள் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றுதான் சபையின் பெயரை எழுதச் சொன்னேன். அதை நான் என்னிடமே ஒப்புக்கொண்டதில்லை.

மறுநாள் உப்பளத்துக்குப் போனேன். தலையில் உப்புக் கூடையோடு வந்தவள் என்னைக் கண்டதும் இறக்கி வைத்தாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். எனக்குப் பிறகு அவள் ஆயுள்வரை அங்கே குடியிருக்கலாம், அப்புறம்தான் சபைக்கு என்று மாற்றி எழுதப்போவதையும் சொன்னேன்.

"வீடு கிடக்கட்டும் அண்ணி. அன்னிக்கு வேதனையில ஏதோ சொல்லிட்டேன்" என்று அழுதாள்.

அப்படியே மாற்றி எழுதினேன். முதல் உயிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. காணிக்கைப் பையில் என் கோபத்தைப் போட இருந்தேன்.